பழனியாண்டி கவ்வாத்து வெட்டிய கொடி

குருவிக்கல் தோட்டத்தில் பழனியாண்டியைப்போல் பயந்த மனிதர் வேறொருவர் இருந்ததில்லை. கங்காணி தொண்டையைச் செருமினால் கையிலிருப்பதைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நிற்பார். தபால்காரர் நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துப் பக்கம் திரும்பினால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பெரட்டுக்களத்தில் காலையில் பெயர் கூப்பிடும்போது தன் முறை வருவதற்கு முந்தியே "ஐயா" என்று சொல்லிவிட்டுத் திட்டு வாங்குவார். இதையெல்லாம் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம். நானே முன்னால் நின்று சிரித்திருக்கிறேன்.

நான் அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார், சூசைரட்ணம். என் அம்மா கொழுந்துக்கூடை சுமந்துதான் என்னைப் படிக்க வைத்தார். ஆனாலும் நாலு எழுத்துப் படித்துக் கால்சட்டை மாட்டியதும் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. மாதத்தில் ஒரு ஞாயிறு ஹட்டன் பக்கத்திலிருந்து கத்தோலிக்கச் சாமியார் பூசைக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் எங்கள் சிறு கோவிலில் செபம் சொல்வது நான்தான். அதுவும் சேர்ந்துகொண்டது. பழனியாண்டியின் கதையில் என் தலைக்கனத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவு பயந்த மனிதர் கையில் கத்தி ஏறியதும் வேறு ஆளாகிவிடுவார். கவ்வாத்து என்பது தேயிலைச் செடியை முட்டளவுக்கு வெட்டிவிடும் வேலை. மூன்று நான்கு வருடம் கொழுந்து கொடுத்துக் களைத்த செடியை இலை, கொப்பு எல்லாம் கழித்து மொட்டையாக நிறுத்துவார்கள். முனை வளைந்த கத்தியால் கீழிருந்து மேலாக ஒரே வெட்டு. பட்டை கிழியக்கூடாது, வெட்டுவாயில் மழைத்தண்ணீர் தங்கக்கூடாது. செடி மூச்சு விடுவதற்கென்று இலையோடு ஒரு கொப்பை மட்டும் விட்டுவைத்து, மற்றதில் தளிர் வந்த பிறகு அதையும் எடுப்பார்கள். பழனியாண்டி வெட்டிய மலையில் ஒரு செடி செத்ததில்லை. மலை வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவே, யாரையும் புகழாதவர், புது ஆட்களை அவர் வெட்டிய மலைக்குக் கூட்டிப்போய்க் காட்டுவார்.

அவருடைய பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. நாற்பத்தெட்டில் இலங்கையில் சட்டம் வந்து, நாங்கள் யாரும் இந்த நாட்டவர் இல்லை என்று ஆகிவிட்டது. வேண்டுமென்றால் மனுப் போடலாம், இத்தனை வருடம் இங்கேயே குடியிருந்தோம் என்று காட்டலாம் என்றார்கள். ஐம்பத்தொன்றில் கெடு முடிவதற்கு நாலு நாள் இருக்கையில் பழனியாண்டியின் மனுவை நான்தான் எழுதினேன். மனைவி நாகலெட்சுமி, மகள் பூரணி, தான், ஆக மூன்று பெயர். ஒவ்வொரு பெயரையும் எழுதி முடித்ததும் எனக்கு வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்டார். எட்டுத் தடவையாவது வாசித்திருப்பேன். அதன்பிறகு மூன்று வருடம் ஒரு பதிலும் இல்லை. அந்த மூன்று வருடமும் அவர் ஒருவரோடும் சண்டை போடவில்லை, ஒரு நாள் வேலைக்கு மட்டம் போடவில்லை. தோட்டத்திலிருந்து பத்துச்சீட்டுக் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டால் மனுவும் போய்விடும் என்பதுதான் காரணம்.

ஐம்பத்துநாலு ஜூலையில் பதில் வந்தது. செப்டெம்பர் பதினாலாம் தேதி நுவரெலியாவில் விசாரணை. மூன்று பேரும் நேரில் வர வேண்டும். இந்தத் தோட்டத்தில் வேலை, இந்த லயத்தில் குடியிருப்பு என்று தோட்டத்துத் துரை கையெழுத்திட்ட கடிதம் கொண்டுவர வேண்டும். துரையின் அந்தக் கடிதத்தில்தான் அவர்கள் மூன்று பேருடைய வாழ்வும் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கொடி வந்து குறுக்கே விழுந்தது.

எங்கள் துரையின் மனைவி பிரெஞ்சு நாட்டுக்காரி. அவருடைய தகப்பனாருக்கு அந்த நாட்டின் தெற்கே திராட்சைத் தோட்டம் இருந்ததாம். கல்யாணமாகி இங்கே வந்தபோது ஈரப்பாசியில் சுற்றி ஒரு தகரப் பெட்டியில் அந்தத் தோட்டத்துக் கொடித்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, பங்களாவை ஒட்டிய கண்ணாடிக் கொட்டகைக்குள் நட்டிருந்தார். எங்கள் மழைக்கு வெளியில் வைத்தால் அழுகிவிடும். ஐந்து வருடத்தில் கொடி கொட்டகை முழுக்கப் படர்ந்தது. இலை, இலை, இலை மட்டும்தான். ஒரு பூ வைக்கவில்லை. முதல் பழத்தைப் பிழிந்து எங்கள் கோவில் பூசைக்குத் திராட்சை இரசம் செய்து தருவேன் என்று துரைசாணி சாமியாரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அது வாக்காகவே இருந்தது.

அந்த வருடம் பெப்ரவரிக் கடைசியில் துரையும் துரைசாணியும் ஆறு மாத லீவில் சீமைக்குப் போனார்கள். போகுமுன் கொடியை நன்றாகக் கழித்துவிடச் சொல்லிக் கண்டாக்கு ஐயாவுக்கு ஒரு துண்டுச்சீட்டு எழுதி வைத்திருந்தார் துரைசாணி. பங்களாத் தோட்டக்காரனோ கை முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். கண்டாக்கு ஐயா ஒரு நிமிடம்கூட யோசித்திருக்க மாட்டார். பெரட்டில் பழனியாண்டியைக் கூப்பிட்டு, பங்களாவில் ஒரு செடி கவ்வாத்து வெட்ட வேண்டுமாம், போய் வெட்டு என்று அனுப்பிவிட்டார்.

அவர் போய் வெட்டினார். தனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் வெட்டினார். கொட்டகை நிறையப் படர்ந்திருந்த கொடியை முட்டளவுக்குக் கொண்டுவந்து, தாழ இருந்த கொப்புகளில் விரல்நீளம் விட்டு, இலை முழுவதும் உருவி, தண்டில் பாசி சுரண்டி, மூச்சுவிட ஒரே ஒரு கொப்பை இலையோடு விட்டார். மறுநாள் அதைப் பார்த்த கண்டாக்கு ஐயா கொட்டகையை இரண்டு தடவை சுற்றி வந்தாராம். பங்களாத் தோட்டக்காரன் வருடாவருடம் நுனிகளை மட்டும் நறுக்கிவிடுவானாம். பழனியாண்டிக்கு அது எப்படித் தெரியும்?

துரைசாணியின் செல்லக் கொடியைக் கட்டையாக்கிவிட்டாய், அவர்கள் வந்ததும் நீயே பதில் சொல் என்று கண்டாக்கு ஐயா தன் தலையைக் கழற்றிக்கொண்டார். தோட்டக்காரன் வரும்வரை வாரம் ஒருமுறை கொடியைப் பார்க்கும் வேலையும் பழனியாண்டி தலையிலேயே விழுந்தது. அவர் வாரம் ஒருமுறை போகவில்லை. தினமும் வேலை விட்டதும் போய், அந்தக் கட்டைக்கு முன்னால் குந்தியிருந்து பார்த்துவிட்டு வந்தார். சோறு இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போனது. செடி செத்துப்போனால் நாமும் செத்தோம் என்று நாகலெட்சுமியிடம் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

கொடி சாகவில்லை. மூன்றாம் வாரத்தில் கண் திறந்தது. தளிர் வந்தது. தளிரோடு சேர்ந்து, ஐந்து வருடமாக வராத பூவும் வந்தது. எல்லோரும் பழனியாண்டியின் கையைப் புகழ்ந்தார்கள். நியாயமாக அவருடைய பயம் அதோடு நீங்கியிருக்க வேண்டும். ஆனால் பூ பிஞ்சாகி, பிஞ்சு காயாக ஆக, அவர் முன்னைவிட மோசமாகப் பயந்தார். ஜூலையில் விசாரணைக் கடிதம் வந்தது. அதே மாதத்தில் கொடியின் இலைகள் ஓரத்திலிருந்து சிவக்கத் தொடங்கின. ஆகஸ்டில் காய் கறுத்தது. ஒரு நாள் ஒரு பழம் உதிர்ந்து அவர் காலடியில் பட்டு நசுங்கியிருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாராம். காய்ச்சல் என்றார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் துரையும் துரைசாணியும் வந்து இறங்கினார்கள். கொட்டகைக்குள் போன துரைசாணி குலைகளைப் பார்த்துவிட்டு அழுதாராம். அழுததைத் தூரத்திலிருந்து பார்த்த கண்டாக்கு ஐயா அது கோபமா சந்தோஷமா என்று தெரியாமல், யாரோ ஒரு கவ்வாத்துக்காரன் வெட்டினான் என்று மட்டும் சொல்லிவைத்தார். துரைசாணி அந்த ஆளைப் பார்க்க வேண்டும் என்றார். 'துரைசாணி தேடுறாங்க' என்ற சேதி லயத்துக்கு வந்தபோது பழனியாண்டிக்கு மறுபடியும் காய்ச்சல் வந்துவிட்டது.

செப்டெம்பர் மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நான் பெஞ்சியில் உட்காரச் சொன்னேன். அவர் தரையில் உட்கார்ந்தார். நாளைக்குத் துரைசாணி குலைகளை வெட்டிப் பிழியப்போகிறாராம், ஞாயிறு வரும் சாமியார் அந்தச் சாற்றை மந்திரிக்கப்போகிறாராம், உண்மையா என்று கேட்டார். உண்மைதான், பிறகு அது புளித்து இரசமானதும் பூசைக்கு வைப்பார்கள் என்றேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு சொன்னார்.

எங்கள் பக்கத்தில் புது மலை கவ்வாத்துக்கு இறங்கும் முன்பு கவ்வாத்துச் சாமிக்குக் கும்பிடு போடுவது வழக்கம். முதல் செடியடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, கத்திகளைப் பரப்பி, ஒரு சேவலை அறுத்து, இரத்தத்தைத் தூரில் விடுவார்கள். சாமிக்குக் காட்டாமல் வெட்டினால் கத்தி ஆளையே வெட்டும் என்று நம்பிக்கை. பங்களாக் கொடி புதுச் செடி, புது இடம். பழனியாண்டி அதைத் தொடவே பயந்திருக்கிறார். அதனால் பங்களாச் சமையல்காரர் கடைக்குப் போன நேரம் பார்த்து, வீட்டில் வளர்த்த சேவலைச் சாக்கில் கட்டிக்கொண்டுபோய், கண்ணாடிக் கொட்டகைக்குள் கொடியடியில் அறுத்துவிட்டார். இரத்தம் முழுவதையும் வேரில் விட்டு, தலையை அங்கேயே புதைத்துவிட்டார்.

"வாத்தியாரய்யா, கறுப்புத் திராட்சை நான் பார்த்திருக்கேனுங்க. பூரணிக்குக் காய்ச்சல் வந்தப்ப ஹட்டன்ல வாங்கியாந்தோம். தோலுதான் கறுப்பு, உள்ளுக்கு வெள்ளை. இது உள்ளுக்கும் ரத்தமா இருக்குதுங்க. சாமி குடிச்ச ரத்தம் பழத்துல ஏறிருச்சு."

மடியிலிருந்து ஒரு பழத்தை எடுத்து என் மேசைமேல் வைத்து நசுக்கினார். நானும் கறுப்புத் திராட்சை தின்றவன்தான். நசுங்கிய இடத்தில் வழிந்தது சாறாகத் தெரியவில்லை. அறுத்த கோழியின் கழுத்தில் வருவதைப்போலவே இருந்தது.

அவருடைய பயம் இரண்டு பக்கமும் வெட்டியது. சாமிக்குக் கொடுத்த பங்கை இன்னொரு சாமிக்குப் படைத்தால் கவ்வாத்துச் சாமி பூரணியை விடாது. சேவல் இரத்தத்தைத் தங்கள் கோவிலில் ஏற்றிவிட்டான் என்று துரைசாணிக்குத் தெரிந்தால் துரை கடிதம் கொடுக்க மாட்டார், பத்துச்சீட்டுத்தான் கொடுப்பார். விசாரணைக்குப் பதினொரு நாள்தான் இருந்தது. "எப்படியாச்சும் அதை நிப்பாட்டிப்புடுங்க. ஆனா எம்பேரைச் சொல்லிராதீங்க" என்றார். நான் சொல்ல மாட்டேன் என்றேன்.

அவர் போன பிறகு எனக்கு வேறொரு பயம் பிடித்தது. அந்த இரசத்தைப் பூசையில் வைப்பார்கள். அதை ஆண்டவருடைய இரத்தம் என்று சொல்லிச் சாமியார் உயர்த்துவார், நான் முழங்காலில் நிற்பேன். அது பலியிட்ட சேவலின் இரத்தமாக இருந்தால்? படித்தவனுக்கு வரக்கூடாத நினைப்பு என்று எனக்கே தெரியும். வேரில் ஊற்றியது பழத்தில் ஏறாது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். ஆனாலும் மேசையில் இருந்த அந்தக் கறையை மூன்று தடவை துடைத்தும் அது போகவில்லை. பயந்தேன். நன்றாகவே பயந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் பங்களாவுக்கு ஏறினேன். துரைசாணி கொட்டகை வாசலில் பெரிய எனாமல் பேசினை வைத்துக்கொண்டு, முழங்கைவரை சட்டையை மடித்துவிட்டுத் திராட்சையைக் கையால் பிசைந்துகொண்டிருந்தார். இரண்டு கையும் சிவப்பு. கன்னத்திலும் ஒரு தீற்றல். நான் சுற்றி வளைத்துத்தான் தொடங்கினேன். ஒருவன் ஒரு தவறு செய்துவிட்டான் என்றேன். யார் என்றார். நான்காவது கேள்வியில் பழனியாண்டியின் பெயர் என் வாயிலிருந்து விழுந்துவிட்டது. சேவல், இரத்தம், தலை, எல்லாம் சொன்னேன்.

அவர் சிரித்தார். வாய்விட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தி, ஒரு குலையை எடுத்துக் காட்டி, பொறுமையாக விளக்கினார்.

உலகத்தில் அநேகமாக எல்லாக் கறுப்புத் திராட்சைக்கும் சாறு வெள்ளைதானாம். நிறம் தோலில் மட்டும் இருக்கும். ஆனால் அவருடைய நாட்டில் சதையும் சிவந்த ஒரு பழைய கொடி இருந்தது. அதற்குச் சாயக்காரன் என்றே பெயர். நூற்று முப்பது வருடத்துக்கு முன் ஒருவர் அந்தச் சாயக்காரனை, நிறையக் காய்க்கும் வேறொரு கொடியோடு இனம் சேர்த்தார். பிறந்த கொடியை அவருடைய மகன் எடுத்து, கிரெனாஷ் என்ற இன்னொரு கொடியோடு சேர்த்தார். அப்பன் மகன் இரண்டு பேருடைய வேலையில் பிறந்ததுதான் இந்த அலிகாந்த் பூஷே கொடி. தோலும் சிவப்பு, சதையும் சிவப்பு, முற்றினால் இலையும் சிவக்கும். இதன் இரசம் பல்லைக் கறுக்க வைக்கும்; நாக்கில் கரகரவென்று பிடிக்கும். பெரிய வீட்டார் இதை முரட்டுக் கொடி என்று மேசையில் வைக்க மாட்டார்களாம். ஆனால் அவர்கள் மேசையில் வைக்கிற வெளிறிய இரசத்துக்கெல்லாம் நிறம் கொடுக்க இதைத்தான் திருட்டுத்தனமாகக் கலப்பார்களாம். என் அப்பா இதைத்தான் பயிரிட்டார், அதனால் எங்களையும் யாரும் மதித்ததில்லை என்று சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார்.

அந்த மனிதன் செய்ததுதான் சரி என்றும் சொன்னார். அவர்கள் ஊரில் பனிக்காலத்தில் கொடி தூங்குமாம். தூங்கி எழுந்தால்தான் காய்க்கும். இங்கே பனிக்காலம் இல்லாததால் அது தூங்காமல் இலை விட்டுக்கொண்டே இருந்தது. முட்டளவுக்கு வெட்டி இலையை உருவியதும் தூங்கிப் போய்விட்டது. அவருடைய அப்பாவும் அப்படித்தான் வெட்டுவாராம்; தன்னுடைய கொடியைத் தானே வெட்ட மனம் வராமல்தான் ஐந்து வருடம் வீணாகப் போனதாம். இனி இந்தக் கொடி பழனியாண்டியின் பொறுப்பு என்றார். விசாரணையைப் பற்றி நான் சொன்னதும் உள்ளே போய்த் துரையைக் கூட்டி வந்தார். துரை அங்கேயே வெராந்தா மேசையில் கடிதம் எழுதி, கையெழுத்திட்டு, என்னிடம் கொடுத்துவிட்டார். பழனியாண்டி, நாகலெட்சுமி, பூரணி, மூன்று பெயரும் அதில் இருந்தன.

அந்த நிமிடமே நான் இறங்கி ஓடியிருக்க வேண்டும். லயம் கால் மைல் தூரம்.

நான் ஓடவில்லை. துரைசாணி என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அந்த வெராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்த முதல் தோட்டத்து ஆள் நானாகத்தான் இருப்பேன். கோப்பையில் காப்பி வந்தது, கேக் வந்தது. பிறகு பிசைய ஆள் போதவில்லை என்றார். நானும் சட்டையை மடித்துவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு மணிநேரம் போனது தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. மறுநாள் பூசை முடிந்ததும் கோவில் முற்றத்துக்குப் பழனியாண்டியைக் கூப்பிட்டனுப்பி, சாமியார் பக்கத்தில் நிற்க, எல்லோர் முன்னாலும் என் கையால் அந்தக் கடிதத்தைக் கொடுக்க வேண்டும். சூசைரட்ணம் வாத்தியார் பங்களாவில் பேசி வாங்கி வந்தார் என்று தோட்டமே சொல்லும். ஒரு இரவுதானே, ஆள் எங்கே போய்விடப்போகிறார் என்று நினைத்தேன். கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, லயத்துப் பக்கம் இறங்காமல் மேல்பாதையால் நேரே வீட்டுக்குப் போனேன். கைச் சிவப்பைச் சவுக்காரம் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை.

ஞாயிறு காலை பூசை முடிந்து ஆளனுப்பினேன். போனவன் திரும்பி வந்து, வீடு திறந்து கிடக்கிறது, உள்ளே யாரும் இல்லை என்றான். நானே ஓடினேன். அடுப்பு ஆறிக் கிடந்தது. பாய், சட்டி, துணி எதுவும் இல்லை. கவ்வாத்துக் கத்தி மட்டும் துடைத்துச் சுவரில் மாட்டியிருந்தது. அது தோட்டத்துச் சாமான். கொண்டுபோனால் திருட்டு என்று சொல்லிவிடுவார்கள் என்று அதற்கும் பயந்திருக்கிறார்.

பக்கத்து வீட்டு அழகுமுத்து நடந்ததைச் சொன்னான். சனிக்கிழமை நான் பங்களாவுக்கு ஏறியதைப் பழனியாண்டி பார்த்திருக்கிறார். லயத்து முடக்கில் நின்று, நான் இறங்கி வருகிறேனா என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு மணிநேரம் ஆனதும், இவ்வளவு நேரம் என்ன பேச்சு, வாத்தியார் என் பேரைச் சொல்லிவிட்டார் என்றாராம். இரண்டு மணிநேரம் கழித்து நான் மேல்பாதையில் போவது தெரிந்தது. லயத்துப் பக்கம் திரும்பவில்லை. கையிரண்டும் முழங்கைவரை சிவப்பு. வேரைத் தோண்டிப் பார்த்துவிட்டார்கள், எல்லாம் வெளியே வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் போனாராம். பொழுது விடியுமுன் மூன்று பேரும் போய்விட்டார்கள். என் சட்டைப்பையில் கடிதம் இருந்தது. நான் அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

துரைசாணி கேட்டுக்கொண்டதால் துரை பதினாலாம் தேதிவரை தோட்டப் பதிவில் அவர்கள் பெயரை வெட்டாமல் வைத்திருந்தார். எங்களுக்குப் பக்கத்து ஊரான பொகவந்தலாவைக் கடைவீதியில் ஒவ்வொரு கடையிலும் விசாரித்தேன். பஸ் கண்டக்டர் ஒருவர் மட்டும், அப்படி ஒரு குடும்பம் நுவரெலியா பஸ்ஸுக்குக் காத்து நின்றதாகச் சொன்னார். நாகலெட்சுமியின் அண்ணன் செல்லசாமி வலப்பனைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருப்பது ஞாபகம் வந்தது. பதினோராம் தேதி, சனிக்கிழமை, மூன்று பஸ் மாறி அங்கே போய்ச் சேர்ந்தேன்.

செல்லசாமி வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். இங்கே யாரும் வரவில்லை என்றார். கதவு அவருக்குப் பின்னால் சாத்தியிருந்தது. பொய் என்று எனக்குத் தெரிந்தது, ஆனால் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிற வயதும் உறவும் எனக்கு இல்லை. அதனால் சுவருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். பழத்தில் இருப்பது இரத்தம் இல்லை, அந்த ஜாதியே அப்படித்தான் என்றேன். துரைசாணிக்குக் கோபம் இல்லை என்றேன். கடிதத்தை எடுத்து விரித்து ஆட்டினேன். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு நுவரெலியாவில் இருக்கச் சொல்லுங்கள், நானே கடிதத்தோடு வாசலில் நிற்பேன் என்றேன். தொண்டை கட்டும்வரை சொன்னேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கே போய் நின்றேன். விசாரணை அலுவலக வெராந்தாவில் எங்களைப்போல் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். பஸ் நிற்கும் பக்கம் வேட்டி கட்டிய ஒவ்வொரு உருவமும் எனக்குப் பழனியாண்டியாகவே தெரிந்தது. பதினொரு மணிக்குப் பெயர் கூப்பிட்டார்கள். இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள். மூன்றாம் தடவை நான் எழுந்து, வந்துகொண்டிருக்கிறார்கள் என்றேன். நீ யார், அவருக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். வாத்தியார் என்றேன். உறவு இல்லாதவன் பேசக்கூடாது, உட்கார் என்றார்கள். கடிதத்தை நீட்டினேன். ஆள் இல்லாமல் கடிதத்தை வைத்து என்ன செய்வது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். பழனியாண்டி குடும்பத்தின் மனு அத்தோடு தள்ளுபடியானது. அவர்கள் இலங்கைக்கும் இல்லை, இந்தியாவுக்கும் இல்லை என்று ஆனார்கள்.

மறுவருடம் பெப்ரவரியில் அவரைக் கண்டேன். சிவனொளிபாதமலைக்கு யாத்திரைக்காரர்கள் ஏறும் பருவம். ஒரு வேலையாக மலையடிவாரத்து நல்லதண்ணிப் பக்கம் போன நான், பருவத்துக்குப் போட்ட கடைகளுக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. அவரும் என்னைப் பார்த்தார். கோடரியைக் கீழே போட்டுவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார், ஓட இடம் தேடுகிறவரைப்போல. நான் அசையாமல் நின்றேன். நான் தனியாகத்தான் வந்திருக்கிறேன் என்று நிச்சயமானதும் கும்பிட்டார். நாகலெட்சுமி மேலே ஒரு கடையில் பாத்திரம் கழுவுவதாகவும் பூரணி அவளோடு இருப்பதாகவும் சொன்னார். தோட்டத்தில் பெயர் பதியாமல் வேலை கொடுக்க மாட்டார்கள். மழை தொடங்கிக் கடைகளைப் பிரித்தால் எங்கே போவது என்று தெரியவில்லை என்றார்.

வலப்பனைக்கு வந்தேனே, அண்ணே, சேதி சொன்னாரா செல்லசாமி என்று கேட்டேன்.

"அவரு சொல்ல வேண்டியதில்லீங்க. நான் உள்ளதான் இருந்தேன். பூரணி வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்க சொன்னது அம்புட்டும் கேட்டுச்சு. கடுதாசியை ஆட்டுனீங்களே, அந்தச் சத்தம்கூடக் கேட்டுச்சு."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. கேட்டும் ஏன் வரவில்லை என்று கத்திவிட்டேன். அவர் பயப்படவில்லை. நான் பார்த்து அவர் பயப்படாமல் பேசியது அந்த ஒருமுறைதான்.

"மூணு பஸ்ஸு மாறி வந்து தேடிச் சொன்னீங்க, வாத்தியாரய்யா. எங்களைத் தேடி வந்து இதுவரைக்கும் யாரும் நல்ல சேதி சொன்னதில்லீங்க. பிடிச்சுக் குடுக்கத்தான் வந்திருக்கீங்கன்னு நெனைச்சேன்."

சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு நான் அந்தக் கால் மைலை நடந்திருந்தால் யாரையும் தேடிப் போக வேண்டியிருந்திருக்காது. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அவர் கோடரியை எடுத்து மறுபடி விறகு பிளக்கத் தொடங்கினார். நான் பஸ்ஸுக்கு வந்தேன்.